செவ்வாய்க்கிழமை நாற்காலி

அக். 3, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, வராமல் போய்விட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். பலன் சுமார்.

போன வாரம் ராசாத்தி கேட்ட கேள்வி காதை விட்டுப் போகவில்லை. எதிர் வீட்டுப் பெண். தறிப்பட்டறையில் நூலைத் தாராகச் சுற்றப் போகிறவள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை நான் தமிழில் சொல்லி முடித்ததும், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்க டீச்சர், அவுங்க ஆபீசு மாத்தி முடிக்கற வரைக்கும் இவர அடிக்காம இருப்பாங்களாங்க?"

மனித உரிமைப் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியவள் நான். ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து மதிப்பெண் கேள்வி எல்லாம் தெரியும். அவளிடம் காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"இவர்" என்றால் அவள் புருஷன் முருகேசன். என்னிடம் படித்தவன். ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். இந்தப் பக்கத்து ரிக்குகள் எல்லாம் போவதுபோல் அவனுடைய வண்டியும் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனது. ஒரு கிராமத்தில் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. அடுத்த மாதம் அங்கே ஆட்சி மாறியது. அந்தக் கிராமம் எதிரிகளுடையது, எதிரிக்குத் தண்ணீர் கொடுத்தவன் யார் என்று பட்டாளம் வந்து கேட்டது. முதலாளி வண்டியையும் மற்ற ஆட்களையும் மீட்டுக்கொண்டு வந்துவிட்டார். லீவரில் கை வைத்திருந்தவன் மட்டும் உள்ளே. அந்த நாட்டில் நமக்குத் தூதரகம் கிடையாது.

முதலில் நல்ல அடி. அப்புறம் ஒரு பன்னாட்டு அமைப்பின் (இனி ப.அ.) கள அலுவலர், ஒரு பெண்மணி, செவ்வாய்தோறும் சிறைக்குப் போய் அவனைப் பார்க்கத் தொடங்கினார். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. அவர் உட்கார்ந்து, "இரண்டு கையையும் மேசைமேல் வை" என்பார். திருப்பிப் பார்ப்பார். சட்டையைத் தூக்கச் சொல்வார். போய்விடுவார். அடி நின்றது. அந்த நாட்டில் சட்டம் எதுவும் மாறவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்து பார்ப்பாள் என்பது காவலர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்வார், எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால். "பார்த்தேன். நலம். சாப்பிடுகிறார்." நான் ராசாத்தியைக் கூப்பிட்டுச் சொல்வேன். அவள் வைத்த பெயர் "செவ்வாக்கிழமை அம்மா".

இப்போது ப.அ.வில் சீர்திருத்தம். கடிதத்தின் சாரம்:

– பல அலுவலகங்கள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன
– கள அலுவலர் பணியிடம் செப்டம்பரோடு முடிகிறது
– புதிய கூட்டுப் பிரிவு உரிய காலத்தில் செயல்படத் தொடங்கும்
– அதுவரை தாங்கள் காட்டும் பொறுமைக்கு நன்றி

கடைசி வரியை ராசாத்திக்குச் சொல்லவில்லை.

செ.அம்மா முந்தாநாளுக்கு முந்தின நாள் கடைசியாகப் போய்ப் பார்த்தார். ஃபோனில் சொன்னது: "அடுத்த வாரமும் ஆள் வரும் என்று காவலர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்."

அக். 5, ஞாயிறு

ராசிபுரம் போய்வந்தேன். கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு, கண்ணுக்குச் சொட்டு மருந்து. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

சாயங்காலம் பழனிசாமி வந்தான். முருகேசனோடு அதே ரிக்கில் இருந்து திரும்பி வந்தவன். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். ராசாத்தியும் வந்து கதவோரம் நின்றாள்.

"ஆபீசு மாத்தறாங்கன்னா என்னத்தையுங்க மொதல்ல தூக்குவாங்க? பீரோவையா, ஆளையா?"

"இணைக்கிறார்களாம். ஒரே வேலையை இரண்டு அலுவலகம் செய்கிறதாம்."

"செய்யட்டுமே. ரெண்டு பேரு பாத்தா அடி ரெண்டு மடங்கா கொறையுமல்லங்க."

ராசாத்தி சிரிக்கவில்லை. அவனும் அதற்குமேல் சிரிக்கவில்லை. ரிக்கில் துளை போடும் இரும்பு ராடு சேர்ப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.

"ராடு குழிக்குள்ள தொங்கிட்டிருக்குமுங்க. மேல இன்னொரு ராடு சேத்தோணும்னா, ராட மேல புடிச்சிருக்கற தலைய கழட்டோணும். கழட்டறதுக்கு முந்தி கீழ ஸ்பேனர் குடுத்து ராட புடிச்சுக்கோணும். கீழ புடிச்சாச்சான்னு முருகேசன் கேப்பான். புடிச்சாச்சுன்னு நான் சொல்லோணும். அதுக்கப்புறந்தான் லீவர்ல கை வைப்பான். புடிக்காம கழட்டுனா அத்தன ராடும் பாதாளத்துக்கு. எடுக்க முடியாதுங்க. குழிய மூடிப்போட்டு வர வேண்டியதுதான்."

"அதத்தான் இவுங்க பண்ணிப்போட்டாங்க" என்றாள் ராசாத்தி.

எவ்வளவு நல்ல உதாரணம். அவர்கள் போனதும் உட்கார்ந்து எழுதினேன். எனக்குச் சீர்திருத்தத்தின்மேல் பகையில்லை. மெதுவான அமைப்பு, செலவு அதிகம், மாற வேண்டியதுதான். மாறும்போது பிடி விடக்கூடாது என்பதுதான் என் கட்சி. முதல் பத்தி முழுக்க ரிக். இரண்டாம் பத்தியில் பள்ளிக்கூடம்: ஒரு வகுப்பாசிரியர் மாற்றலாகிப் போனால் பிள்ளைகளை வெளியே அனுப்புவதில்லை, புது ஆசிரியர் வரும்வரை பக்கத்து வகுப்பு டீச்சர் நடுவாசலில் நாற்காலியைப் போட்டு இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வார். புதுப் பிரிவு வரும்வரை அப்படி ஒருவர் போதும். கடைசிப் பத்தியில் முருகேசன் விவரம், சிறை இருக்கும் ஊர், செவ்வாய் வருகை.

படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது.

செ.அம்மாவின் முகவரிக்கு அனுப்பினால் மின்னஞ்சல் திரும்பி வருகிறது. கடிதத்தில் இருந்த வேறு ஒரே முகவரி "சீர்திருத்தம் குறித்த கருத்துகளுக்கு". அதற்கே அனுப்பினேன்.

அக். 7, செவ்வாய்

வெயில். ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தேன். ராசாத்தி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வரப்போவதில்லை என்று தெரிந்த அழைப்புக்காக இருவரும் காத்திருந்தோம்.

வரவில்லை.

இருட்டிய பிறகு நல்லசிவத்துக்கு நானே ஃபோன் போட்டேன். பரமத்தி வேலூர்க்காரர். சிறை இருக்கும் அந்த ஆப்பிரிக்க ஊரில் ரிக் ஸ்பேர் கடை வைத்திருக்கிறார். முருகேசனுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்ச் சிறை வாசலில் கொடுப்பவர். உள்ளே விடமாட்டார்கள். வாசல் காவலாளி இவரிடம் டீ வாங்கிக் குடிப்பான், பேசுவான்.

"மேசை போட்டு வச்சிருந்தாங்களாமுங்க. நாற்காலியத் தொடச்சு வச்சிருந்தாங்களாம். இவருக்குத் தொவச்ச சட்ட போட்டு உட்டு, காலையில இருந்து நிறுத்தி வச்சிருந்தாங்க. சாயங்காலம் எடுத்து வச்சுட்டாங்க."

அடிக்கவில்லை. ராசாத்தியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவள் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து மறைந்த பின்னும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும்.

கொஞ்ச நேரம்.

அக். 9, வியாழன்

ப.அ.விலிருந்து பதில். இயந்திரம் அனுப்பியது. "தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது." பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். மறுபடி எழுதினேன், இந்த முறை சுருக்கமாக. அதே பதில், அதே வரி, எழுத்து மாறாமல்.

அக். 14, செவ்வாய்

மேகமூட்டம். துணி காயவில்லை.

நல்லசிவம்: "இன்னிக்கும் மேசை போட்டாங்களாமுங்க. தொவச்ச சட்ட இல்ல. கேட்டுக்காரன் என்னயப் பாத்துச் சிரிச்சான். உங்க மேடம் லீவானு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"வருவாங்கன்னு சொன்னேனுங்க. எப்பன்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்றது. டீயக் குடிச்சுட்டு டம்ளரத் தராம கீழ வச்சுட்டுப் போயிட்டான். எப்பவும் கையில தருவானுங்க."

டம்ளர் விஷயத்தை ராசாத்தியிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு அது புரியும். யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்குப் பையன்கள் வணக்கம் சொல்வதை நிறுத்துவார்கள். முதலில் சின்ன மரியாதைகள்தான் போகும்.

அக். 16, வியாழன்

ப.அ. தலைமையகத்திலிருந்து ஃபோன். நிஜமான ஆள். இளைஞன், குரலில் சர்க்கரை. ராசாத்தியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

தன் பெயர் சொன்னான், பதவி சொன்னான், என் கடிதத்தை எல்லோரும் படித்ததாகச் சொன்னான். அந்த ரிக் உதாரணம் அற்புதம் என்றான். மாற்றக் காலத்தில் பாதுகாப்புத் தொடர்ச்சி என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லையாம். பயிலரங்கில் காட்ட என் அனுமதி வேண்டுமாம்.

"முருகேசனை யார் பார்க்கிறார்கள்?" என்றேன்.

"மன்னிக்கவும், யார்?"

"கடிதத்தின் கடைசிப் பத்தி."

காகிதம் புரளும் ஓசை. தனிநபர் விஷயங்கள் வேறு பிரிவு என்றான். எந்தப் பிரிவு என்றேன். அதுதான் இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது என்றான். மனப்பூர்வமாக வருந்துகிறேன் என்றான். உண்மையிலேயே வருந்தினான் என்றுதான் நினைக்கிறேன். அனுமதி உண்டா என்று மறுபடி கேட்டான்.

கொடுத்தேன். இல்லை என்று சொன்னால் அவன் கோபித்துக்கொள்வானோ, அது முருகேசனுக்குக் கெடுதலாகிவிடுமோ என்று தோன்றியது.

"என்னுங்க சொன்னாங்க?"

"கடிதம் நன்றாக இருக்கிறதாம்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான் சாமி."

அக். 20, திங்கள், தீபாவளி

விடியலிலேயே வெடி. பூனை அடுப்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஒரு தட்டில் அதிரசம் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம் இல்லை.

குழாயடியில் இரண்டு பெண்கள், என்னைப் பார்க்காமல்:

"டாலரு சம்பளம்னு மினுக்கிட்டுத் திரிஞ்சாளே. அப்ப இனிச்சுதாக்கும்."

"எவனோ ஊருக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தா இப்பிடித்தான். இங்க நம்ம ஊட்டுல கொழாயில காத்துதான் வருது."

சிரிப்பு. தெரிந்தவர்கள்தான். ஒருத்தியின் மகள் என்னிடம் படித்தவள். இருவரும் நல்லவர்கள், பண்டிகைக்குப் பண்டிகை எனக்கு முறுக்கு கொண்டுவந்து தருகிறவர்கள்.

ராசாத்திக்கும் கேட்டிருக்கும். அதிரசத்தை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கிச் செவ்வாயிங்க" என்றாள்.

அக். 21, செவ்வாய்

மழை. நாள் முழுக்க. தெருவெல்லாம் வெடிக் காகிதம் ஊறி வாசல்வரை வந்துவிட்டது. நல்லசிவத்தின் ஃபோன் கிடைக்கவில்லை. ராசாத்தி வேலைக்குப் போய்விட்டாள். போகாவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்களாம்.

அக். 23, வியாழன்

நல்லசிவம் கூப்பிட்டார். வழக்கமாக "நல்லா இருக்கறீங்களா டீச்சர்" என்று தொடங்குபவர். இன்று தொடங்கவில்லை.

"பக்கத்துல அந்தப் புள்ள இருக்குதுங்களா?"

"இல்லை. சொல்லுங்கள்."

"செவ்வாக்கிழம மேசை போடலீங்க. நாற்காலி மட்டும் போட்டாங்களாம். வலது கைய நீட்டச் சொல்லித் தரையில வெக்கச் சொல்லி, நாற்காலிக் கால அது மேல வச்சுட்டு ஏறி உக்காந்தாங்களாம். ஒருத்தன் மாத்தி ஒருத்தன். அந்தம்மா உக்கார்ற அதே நாற்காலிதானுங்க. கேட்டுக்காரனே சொன்னான். சொல்லிட்டு டீ கேட்டான்."

"கொடுத்தீர்களா?"

"குடுத்தனுங்க. நாளைக்கிப் போசிய உள்ள அனுப்போணுமே."

முதல் செவ்வாய் பயந்தார்கள். இரண்டாம் செவ்வாய் சோதித்துப் பார்த்தார்கள். மூன்றாம் செவ்வாய் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மேசை போட்ட அதே மனிதர்கள்தாம். சட்டை துவைத்துப் போட்டவர்களும் அவர்கள்தாம்.

ராசாத்தி ஷிப்டு முடிந்து வந்ததும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தக் கைங்க டீச்சர்? சோத்தாங்கையா?"

"ஆமாம்."

தன் வலது கையை ஒருமுறை பார்த்தாள். அதில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டாள்.

"லீவர் புடிக்கற கைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக். 24, வெள்ளி

ப.அ.வுக்கு மூன்று முறை எழுதினேன். "தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது."

அக். 29, புதன்

வானம் வெளுத்திருக்கிறது. ரேஷனில் பருப்பு வரவில்லை. நேற்றுச் செவ்வாய்; முருகேசனைச் சிறை மருத்துவர் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், கை எப்படியென்று தெரியவில்லை என்றார் நல்லசிவம்.

இளைஞனிடமிருந்து மின்னஞ்சல். பயிலரங்கு நல்லபடி முடிந்ததாம். நான் கேட்காமலே ஒரு படம் அனுப்பியிருக்கிறான், திரையில் காட்டியது. ரிக் வண்டியின் ஓவியம். அழகான நிறங்கள். மேலே ஒரு வரி: "கீழே பிடித்த பின்பே மேலே கழற்றுக." அடியில் "தென்னிந்தியாவின் ஓர் ஆசிரியரிடமிருந்து". கைதட்டல் கிடைத்ததாம். இனி வரும் எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் இதை ஒரு கொள்கையாகச் சேர்க்கப் பரிந்துரைத்திருக்கிறார்களாம்.

இனி வரும்.

பழனிசாமியும் ராசாத்தியும் வந்து ஃபோனில் படத்தைப் பார்த்தார்கள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு தொழிலாளி லீவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். வரைந்தவர் கவனமாக வரைந்திருக்கிறார். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது.

ராசாத்தி படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். விரல்கள்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது இவருங்களா?"

"இல்லை சாமி. சும்மா வரைந்தது."

"அதான பாத்தேன். இவரு தொப்பி போட மாட்டாருங்க."

பழனிசாமி வெளியே போய் நின்றுகொண்டான். இன்று அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

நவ. 4, செவ்வாய்

காலையில் தூறல். முழங்கால் பரவாயில்லை. அரிசி ஊறப் போட்டேன்.

மத்தியானம் ஃபோன். புதுக் குரல், புதுப் பெண். கூட்டுப் பிரிவு நேற்றிலிருந்து செயல்படுகிறதாம். முதல் வருகையாக இன்று சிறைக்குப் போனாராம். ராசாத்தி என் பக்கத்தில். ஸ்பீக்கரில் போட்டேன், புரியாவிட்டாலும் கேட்கட்டும் என்று.

"பார்த்தேன். நிலையாக இருக்கிறார். சாப்பிடுகிறார்."

"கை?"

"வலது கையில் மூன்று விரல்கள் அகற்றப்பட்டிருக்கின்றன. பழைய காயம் என்று சிறை மருத்துவர் எழுதியிருக்கிறார்."

பழையது அல்ல, போன மாதம் நடந்தது, அதை உங்கள் பதிவில் எழுதுங்கள் என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார், நான் பிள்ளைகளுக்கு விளக்குவதுபோல. முந்தைய அலுவலகம் மூடப்பட்ட அன்று எழுதிய கடைசிக் குறிப்பில் "இரு கைகளும் நலம்" என்று இருக்கிறது. இவர்கள் பிரிவு நேற்றுத்தான் பிறந்தது. அதற்கு முன் நடந்த எதையும் இவர்கள் பதிய முடியாது. அந்த அலுவலகமோ இப்போது இல்லை. ஆகவே பிறர் விளைவித்த காயமாக எங்கும் பதிவாகாது. "வருகைகள் மீண்டும் தொடங்கிவிட்டன, அதுதானே முக்கியம்" என்றார்.

ராசாத்திக்குச் சொன்னேன். மாற்றாமல், குறைக்காமல்.

"அப்ப இவுங்க கணக்குல யாருமே ஒடைக்கலீங்களா?"

"ஆமாம்."

"அதுவாப் போயிருச்சா?"

ஃபோனில் அந்தப் பெண் இன்னும் இருந்தார். வைப்பதற்கு முன், நீங்கள் பார்த்தவரின் பெயரை ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்டேன். காகிதம் புரண்டது. இந்த ஓசை எனக்குப் பழகிவிட்டது.

"இதோ... இருக்கிறது... அந்த ரிக் உதாரணத்தில் வருபவர்தானே? எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்."

ராசாத்திக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவ்வளவு நேரப் பேச்சில் முருகேசன் என்ற சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "பேரு சொல்லலீங்களே" என்றாள். எழுந்து வேலைக்குப் போய்விட்டாள்.

நான் முதலில் அனுப்பிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே ரிக், அடுத்து வகுப்பறை, அடியில் அவன். உதாரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஆளை விட்டுவிட்டார்கள்.

இதைப் பிறகு யார் படித்தாலும் ஒன்று செய்து பாருங்கள்: ஒருவருக்காக உதவி கேட்டு எழுதும்போது, எழுதி முடித்த பின் உதாரணத்தை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.